மார்பக இம்பிளான்ட்டைச் சுற்றி நீர் கோத்தால் எடுத்துக் கொட்டிவிடாதீர்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று வெகு நாள் இழுத்துக்கொண்டே இருந்தேன். மார்பகம் என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், "அந்த ஆபரேஷன்" என்றுதான் பேச்சு. ஆனால் 2022இல் நான் அலைந்த அலைச்சலின்போது தமிழில் யாராவது ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தால் எனக்குப் பாதிப் பணமும் பாதிப் பயமும் மிச்சமாகியிருக்கும். என் பெயர், மருத்துவமனைகளின் பெயர், இம்பிளான்ட் தயாரித்த கம்பெனியின் பெயர் எதுவும் இதில் இருக்காது. திருச்சியில் ஒரு மெட்ரிக் பள்ளியில் கணக்கு டீச்சர், ஐம்பதை நெருங்குகிறேன், அவ்வளவு தெரிந்தால் போதும்.

2013இல் எனக்கு இடது மார்பகத்தில் புற்றுநோய் வந்தது. சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் மார்பகத்தை முழுக்க எடுத்தார்கள், அப்புறம் கீமோ. எல்லாம் முடிகிற நேரத்தில் அங்கிருந்த பிளாஸ்டிக் சர்ஜன் "மறுபடி அமைச்சுக்கலாம், நிறைய பேர் செஞ்சுக்கிறாங்க" என்றார். தினமும் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் கரும்பலகையில் கை தூக்கி எழுதுகிறவள் நான். ஒரு பக்கம் வெறுமையாக இருப்பது முந்தானையை எத்தனை இழுத்து விட்டாலும் தெரிந்தது. சரி என்றேன். தோலை விரிக்கும் பை ஒன்றை முதலில் வைத்து, சில மாதம் கழித்து அதை எடுத்துவிட்டு, நீர்த்துளி வடிவ சிலிக்கான் இம்பிளான்ட்டை வைத்தார்கள். கையெழுத்துப் போட்ட படிவத்தில் தொற்று, ரத்தக்கசிவு, மயக்க மருந்தின் ஆபத்து, இம்பிளான்ட் கெட்டிப்படுவது எல்லாம் இருந்தன. இம்பிளான்ட்டைச் சுற்றி லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய், வரலாம் என்று எங்கும் இல்லை. அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கட்டுப்படுத்தும் எஃப்டிஏ அதைப் பற்றி 2011 ஜனவரியிலேயே எச்சரிக்கை வெளியிட்டிருந்தது என்பது எனக்கு ஒன்பது வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

அந்த ஒன்பது வருடமும் நன்றாகவே போனது, அதையும் சொல்லத்தான் வேண்டும். மறந்தே போயிருந்தேன். 2022 பிப்ரவரி வாக்கில் ஜாக்கெட் இடது பக்கம் மட்டும் பிடிக்க ஆரம்பித்தது. எடை போட்டிருக்கும் என்று டெய்லரிடம் கொடுத்துப் பிரித்துத் தைக்கச் சொன்னேன். அவர் அளவெடுத்துவிட்டு, "டீச்சர், ஒரு பக்கம் மட்டும் பிரிச்சா போதும் போல இருக்கே" என்றார் தயங்கித் தயங்கி. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று பார்த்தால் இடது பக்கம் நன்றாகவே உப்பியிருந்தது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, சிவப்பு இல்லை. லேசான இறுக்கம், அவ்வளவுதான்.

முதலில் போனது ஊரிலேயே உள்ள ஒரு சர்ஜனிடம். இன்ஃபெக்‌ஷன் மாதிரி இருக்கிறது என்று ஆன்டிபயாடிக் கொடுத்தார். கேட்கவில்லை. வேறு ஆன்டிபயாடிக், அதுவும் கேட்கவில்லை. அல்ட்ராசவுண்டில் இம்பிளான்ட்டைச் சுற்றி நிறைய நீர் கோத்திருப்பது தெரிந்தது. ஊசி போட்டு எடுத்துவிடலாம் என்று படுக்க வைத்தார்கள். பெரிய சிரிஞ்சில் வந்த நீர் பழைய விளக்கெண்ணெய் நிறத்தில் கலங்கலாக இருந்தது. சிரிஞ்ச் நிறைந்ததும் கிட்னி ட்ரேயில் பீய்ச்சினார்கள், மறுபடி எடுத்தார்கள், மறுபடி பீய்ச்சினார்கள். முடிந்ததும் சிஸ்டர் அந்த ட்ரேயை மூலையிலிருந்த சிங்க்கில் கவிழ்த்துக் குழாயைத் திறந்துவிட்டார். நான் படுத்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீக்கம் வடிந்த சந்தோஷத்தில் பணம் கட்டிவிட்டு, போகிற வழியில் மலைக்கோட்டை வாசலில் சூடம் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

இந்தக் கட்டுரையில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்த இடத்தைப் படித்துவிடுங்கள். இம்பிளான்ட் வைத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகு, அடி படாமல், காய்ச்சல் இல்லாமல், ஒரு பக்கம் மட்டும் வீங்கினால் அந்த நீரைக் கொட்டக்கூடாது. மொத்தத்தையும் சோதனைக்கு அனுப்ப வேண்டும். அதுவும் முதல் முறை எடுக்கும் நீர்தான் ரொம்ப முக்கியம். அடுத்தடுத்து எடுக்க எடுக்க, மறுபடி ஊறும் நீரில் நோய் செல்கள் குறைந்து நீர்த்துப்போய், இருந்தும் தெரியாமல் போக வாய்ப்பு உண்டு. சாதாரண காரணத்தாலும் நீர் கோக்கும், அப்படி வருவதுதான் அதிகம், அதனால் வீக்கம் என்றதும் புற்றுநோய் என்று நினைக்க வேண்டியதில்லை. ஆனால் எது என்பதைச் சொல்லும் ஒரே சாட்சி அந்த சிரிஞ்சில்தான் இருக்கிறது.

சில வாரத்தில் மறுபடி வீங்கியது. இந்த முறை பழைய புற்றுநோய்தான் திரும்பிவிட்டது என்று முடிவே செய்துவிட்டேன். ராத்திரி தூக்கம் போய்விட்டது. பத்தாம் வகுப்பு ரிவிஷன் பேப்பர் திருத்தும்போது ஒரே விடைத்தாளுக்கு இரண்டு தரம் மார்க் கூட்டி இரண்டு விடை வரும். புற்றுநோய் டாக்டரிடம் போனேன், வலது பக்கம் மேமோகிராம், இடது பக்கம் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு "திரும்பி வரலைம்மா, நிம்மதியா போங்க" என்றார். அவர் சொன்னது உண்மைதான். மார்பகப் புற்றுநோய் வரவில்லை. இம்பிளான்ட்டைச் சுற்றி வருகிற லிம்போமா வேறு வியாதி, அதை மேமோகிராம் காட்டிக்கொடுக்காது. பழைய வியாதியின் டாக்டர் பழைய வியாதி இல்லை என்று சொன்னதை, வியாதியே இல்லை என்று நாங்கள் குடும்பமாக எடுத்துக்கொண்டோம். வீக்கம் மட்டும் அப்படியே இருந்தது.

கடைசியில் 2013இல் ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கே போவோம் என்று பல்லவனில் டிக்கெட் போட்டுச் சென்னைக்குப் போனோம். பழைய சர்ஜன் ஓய்வுபெற்றுவிட்டார். அவர் இடத்தில் ஒரு இளம் பெண் டாக்டர். அவர் கையைக்கூட இன்னும் வைக்கவில்லை, கேட்ட முதல் கேள்வி, "மேடம், உங்களுக்கு வெச்சது ஸ்மூத்தா, டெக்ஸ்சர்டா? ஸ்டிக்கர் இருக்கா?" நான் என் கணவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். இம்பிளான்ட்டில் ரகம் உண்டு என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அவர் சொன்னதையும் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். இம்பிளான்ட்டின் மேலுறை இரண்டு விதம். ஒன்று வழுவழுப்பு, இன்னொன்று சொரசொரப்பு. உடம்பு எந்த அந்நியப் பொருளையும் சுற்றி வடுத் திசுவால் ஒரு உறை கட்டும், அதைத்தான் கேப்சூல் என்கிறார்கள். அந்த உறை இறுகிப் போகாமல் இருக்கவும், நீர்த்துளி வடிவ இம்பிளான்ட் உள்ளே சுழன்று கோணிக்கொள்ளாமல் இருக்கவும் சொரசொரப்பு ரகத்தைச் செய்தார்கள். ஒரு முறையில், ஆறாத சிலிக்கான்மேல் உப்புத் துகளைப் பதித்து, பிறகு அதைக் கழுவி எடுத்துக் குழிகளை உண்டாக்குவார்கள். இந்தச் சொரசொரப்பு ரகம் வைத்த பெண்களில் மிகச் சிலருக்கு, பொதுவாக எட்டுப் பத்து வருடம் கழித்து, அந்தக் கேப்சூலிலும் அதற்குள் ஊறும் நீரிலும் டி செல் லிம்போமா ஒன்று வருகிறது. சுருக்கமாக பிஐஏ-ஏஎல்சிஎல், அல்லது வெறும் ஏஎல்சிஎல் என்பார்கள். இது நோய் எதிர்ப்பு செல்களில் வரும் நிணநீர்ப் புற்றுநோய். நாள்பட்ட அழற்சி, மேற்பரப்பின் தன்மை, அதில் ஒட்டிக்கொள்ளும் கிருமிகள், அந்தந்தப் பெண்ணின் மரபணு என்று பல காரணங்கள் சேர்ந்து இதை உண்டாக்குவதாகக் கருதுகிறார்கள். முதல் நோயாளியைப் பற்றிய குறிப்பு 1997இலேயே மருத்துவ இதழில் வந்துவிட்டது, 2016இல் உலக சுகாதார நிறுவனம் இதைத் தற்காலிக நிலையில் ஒரு தனி நோயாகத் தன் பட்டியலில் சேர்த்தது. அழகுக்காக வைத்துக்கொண்டவர்களுக்கும் வருகிறது, என்னைப்போல் மார்பகத்தை இழந்து வைத்துக்கொண்டவர்களுக்கும் வருகிறது.

2019 ஏப்ரலில் பிரான்ஸ் அதிகச் சொரசொரப்புள்ள ரகங்களைத் தடை செய்தது. அதே வருடம் ஜூலை 24 அன்று எஃப்டிஏ கேட்டுக்கொண்டதன்பேரில் அலர்கன் நிறுவனம் பயோசெல் என்ற தன் சொரசொரப்பு ரக இம்பிளான்ட்டுகளை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. அப்போது உலக அளவில் எஃப்டிஏ கணக்கில் இருந்த நோயாளிகள் 573 பேர், இறந்தவர்கள் 33 பேர். அந்த 573இல் 481 பேருக்கு இருந்தது அந்த நிறுவனத்தின் இம்பிளான்ட். கோடிக்கணக்கான பெண்கள் இம்பிளான்ட் வைத்திருக்கும் உலகத்தில் இது சின்ன எண்தான், கணக்கு டீச்சருக்கு அது புரியாமல் இல்லை. ஆனால் அந்தச் சின்ன எண்ணுக்குள் நாம் இருக்கிறோமா என்பதை நிகழ்தகவு சொல்லாது, ஸ்டிக்கரும் சோதனையும்தான் சொல்லும். எனக்கு வைத்திருந்த கம்பெனி அந்தத் திரும்பப் பெற்ற பட்டியலில் இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பட்டியலில் பெயர் இல்லை என்றதும் என் கணவர் பெருமூச்சு விட்டார், டாக்டர் உடனே அவரைத் தடுத்து, "சார், மத்த கம்பெனியோட டெக்ஸ்சர்டிலயும் வந்திருக்கு, ரிஸ்க் குறைவு, ஆனா இல்லைன்னு சொல்ல முடியாது" என்றார்.

ஸ்டிக்கர் தேடிய கதை தனிக் கதை. இம்பிளான்ட் வரும் பெட்டியில் சின்னச் சின்ன ஒட்டுச்சீட்டுகள் இருக்கும், கம்பெனி, மாடல், வரிசை எண், லாட் எண், எத்தனை சிசி எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். ஒன்றை ஆபரேஷன் குறிப்பில் ஒட்டுவார்கள், ஒன்றை நோயாளியின் கையில் ஒரு அட்டையில் ஒட்டிக் கொடுக்க வேண்டும். எனக்கு அப்படி எதுவும் தரவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் "சிலிக்கான் இம்பிளான்ட் வைக்கப்பட்டது" என்று ஒரே ஒரு வரி. மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் அறையில் கேட்டால் அத்தனை பழைய ஃபைல்களை அழித்துவிட்டோம் என்றார்கள். சட்டப்படி அவர்கள்மேல் தப்புச் சொல்ல முடியாது. 2002ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் விதிப்படி உள்நோயாளியின் ஆவணத்தை மூன்று வருடம் வைத்திருந்தால் போதும். பத்து வருடம் கழித்து நோய் வரக்கூடிய பொருளை உடம்புக்குள் வைத்துவிட்டு, காகிதத்தை மூன்று வருடம் வைத்திருந்தால் போதும் என்பது என்ன கணக்கோ. அதே விதியில் இன்னொன்றும் இருக்கிறது, நாம் எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணத்தைத் தர வேண்டும். அதனால் வைத்துக்கொண்ட உடனேயே கேட்டு வாங்கிவிடுங்கள். ஆபரேஷன் குறிப்பின் நகல், ஸ்டிக்கர், இம்பிளான்ட்டுக்குத் தனியாகப் போட்ட பில், இந்த மூன்றும் வேண்டும். ஸ்டிக்கரை ஃபோனில் படம் எடுத்து இரண்டு பேருக்கு அனுப்பி வையுங்கள். இது மார்பகத்துக்கு மட்டும் இல்லை, மூட்டு, கண் லென்ஸ், ஸ்டென்ட் எல்லாவற்றுக்கும்தான்.

எங்களைக் காப்பாற்றியது என் கணவரின் ஜெராக்ஸ் பைத்தியம். இன்ஷூரன்ஸ் கிளெய்முக்கு எதை அனுப்பினாலும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்வது அவர் பழக்கம், அதற்காக வீட்டில் நான் கேலி செய்யாத நாள் இல்லை. இம்பிளான்ட் பணத்தைத் திரும்பத் தர இன்ஷூரன்ஸ்காரர்கள் இம்பிளான்ட் பில்லும் ஸ்டிக்கரும் கேட்பார்கள். 2013 கிளெய்மின் நகல் பரணில் ஒரு ட்ரங்க் பெட்டியில், பெண்ணின் எல்கேஜி ரிப்போர்ட் கார்டுக்குக் கீழே இருந்தது. மங்கின ஜெராக்ஸில் வரிசை எண் பாதிதான் தெரிந்தது, ஆனால் "டெக்ஸ்சர்டு" என்ற வார்த்தை நன்றாகவே தெரிந்தது.

இரண்டாம் முறை நீர் எடுத்தது சென்னையில். அல்ட்ராசவுண்டில் ஊசி போகும் வழியைப் பார்த்துக்கொண்டே, இம்பிளான்ட்டில் குத்திவிடாமல் எடுத்தார்கள். குறைந்தது 50 மில்லியாவது வேண்டும், கிடைப்பதை எல்லாம் அனுப்புவோம் என்று டாக்டர் சொல்லி, பாட்டில்களில் அவரே பெயர் எழுதி ஒட்டினார். லேப் சீட்டில் அவர் எழுதிய வரியைப் பார்த்து வைத்துக்கொண்டேன். சொரசொரப்பு இம்பிளான்ட் வைத்து ஒன்பது வருடம், தாமதமான நீர்க்கோப்பு, ஏஎல்சிஎல் சந்தேகம், சைட்டாலஜி, செல் பிளாக், சிடி30, ஏஎல்கே, ஃப்ளோ சைட்டோமெட்ரி பார்க்கவும், கூடவே கிருமி வளர்கிறதா என்றும் பார்க்கவும். சைட்டாலஜி என்பது நீரிலுள்ள செல்களை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது, சிடி30, ஏஎல்கே இரண்டும் அந்தச் செல்களில் தேடும் அடையாளப் புரதங்கள். இப்படி எழுதாமல் வெறுமனே "நீர், சைட்டாலஜி" என்று அனுப்பினால், அபூர்வமான இந்த நோய் நினைவுக்கே வராமல் "அழற்சி செல்கள்" என்று ரிப்போர்ட் வந்துவிடலாம். உங்கள் டாக்டருக்கு இது தெரியவில்லை என்றால் கூச்சப்படாமல் "சிடி30 போடுங்க டாக்டர், ஏஎல்சிஎல் இல்லைன்னு பார்த்துடலாம்" என்று கேளுங்கள். கோபித்துக்கொண்டால் வேறு டாக்டர் இருக்கிறார்.

ரிப்போர்ட் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. சிடி30 பாசிட்டிவ், ஏஎல்கே நெகட்டிவ், அதாவது அந்த லிம்போமாதான். வகுப்பில் இருக்கும்போது டாக்டரே ஃபோன் செய்தார். வராண்டாவுக்கு வந்து பேசினேன். "இது குணமாகிற ஸ்டேஜ்ல இருக்குன்னுதான் நினைக்கிறேன், ஆனா ஸ்கேன் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார். நான் கேட்டது, "டாக்டர், மறுபடி முடி கொட்டுமா?" அந்த நேரத்தில் வந்த கேள்வி அதுதான். உயிரைப் பற்றிக் கேட்கவில்லை, பெண்ணின் படிப்பைப் பற்றிக் கேட்கவில்லை. 2013இல் தலையணையிலிருந்து பொறுக்கின முடிதான் கண்ணுக்கு முன்னால் நின்றது. அப்புறம் உள்ளே போய் மிச்சமிருந்த கணக்கை முடித்தேன். பிள்ளைகளுக்கு எதுவும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். வீட்டுக்குப் போனபின் வந்தது அழுகையில்லை, கோபம். ஒரு புற்றுநோயிலிருந்து மீண்டு வந்ததற்காக வைத்துக்கொண்ட பொருள் இன்னொரு புற்றுநோயைக் கொடுத்தது என்பதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் மனசு ஏற்கவில்லை.

நோய் வேறு எங்காவது பரவியிருக்கிறதா என்று பார்க்கும் பெட் ஸ்கேனை ஆபரேஷனுக்கு முன்னாலேயே எடுத்தார்கள். அறுத்த பிறகு எடுத்தால் புண் ஆறும் இடமெல்லாம் ஸ்கேனில் மினுக்கிக் குழப்பும் என்பதால் முன்னால் எடுப்பதுதான் முறை. வேறு எங்கும் பரவவில்லை. பிளாஸ்டிக் சர்ஜன், புற்றுநோய் சர்ஜன், ரத்தப் புற்றுநோய் டாக்டர் மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்தார்கள். இதை நீங்களும் வற்புறுத்திக் கேளுங்கள், ஒரே டாக்டர் தனியாக முடிவு செய்யும் விஷயம் இல்லை இது. சிகிச்சை என்பது இம்பிளான்ட்டையும் அதைச் சுற்றிய கேப்சூல் முழுவதையும் கிழியாமல் ஒரே துண்டாக எடுப்பது. இம்பிளான்ட்டை மட்டும் எடுத்துவிட்டுக் கேப்சூலை உள்ளே விட்டால் நோயை உள்ளே விட்டதாகத்தான் அர்த்தம். விலா எலும்போடு ஒட்டியிருந்த பக்கத்தைப் பிரிக்க நேரம் ஆனதாம். எடுத்த கேப்சூலைத் திசை குறித்துப் பல இடங்களில் வெட்டிப் பரிசோதித்தார்கள். நோய் நீரிலும் கேப்சூலின் உட்பக்கத்திலும் மட்டும் இருந்தது, ஓரங்கள் சுத்தம். கீமோ தேவைப்படவில்லை. முடியும் கொட்டவில்லை.

இந்த நோயில் இதுதான் நல்ல செய்தி. கேப்சூலைத் தாண்டாத நிலையில் பிடித்து முழுவதும் எடுத்துவிட்டால் பெரும்பாலானவர்களுக்கு அதோடு முடிந்துவிடுகிறது. கட்டியாகத் திரண்டோ நிணநீர்க் கணுக்களுக்குப் போயோ விட்டால் கீமோவோ, சிடி30ஐக் குறிவைக்கும் பிரென்டுக்சிமாப் வெடோடின் என்ற விலை கூடிய மருந்தோ தேவைப்படும். என் முதல் நீர் சிங்க்கில் போனதற்கும் இரண்டாவது நீர் பாட்டிலுக்குப் போனதற்கும் நடுவில் ஓடிய மாதங்களில் அது தாண்டாமல் இருந்தது என் அதிர்ஷ்டம்.

பணக் கணக்குக்கு வருகிறேன், இதை யாரும் எழுதுவதில்லை. முதலில் ஆன்டிபயாடிக், ஸ்கேன், நீர் எடுத்தது, டாக்டர் ஃபீஸ் என்று கிட்டத்தட்ட 30,000 ரூபாய் ஒரு பயனும் இல்லாமல் போனது. சிடி30 முதலான சோதனைகளும் பெட் ஸ்கேனும் சேர்ந்து 45,000 பக்கம். ஆபரேஷன், ரூம், பயாப்சி எல்லாம் சேர்த்து 2,70,000. பள்ளியில் சம்பளம் இல்லாத விடுப்பு இரண்டு மாதம். சென்னைக்குப் போய்வந்த செலவும், கூட வந்தவர்கள் தங்கிய செலவும் தனி.

இன்ஷூரன்ஸில் முதலில் கேஷ்லெஸ் தரவில்லை. இம்பிளான்ட் என்ற வார்த்தையைப் பார்த்ததும் "காஸ்மெடிக்" என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். இங்கேதான் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 2019இல் இன்ஷூரன்ஸ் கட்டுப்பாட்டு ஆணையமான ஐஆர்டிஏஐ எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாக வகுத்துக் கொடுத்த விலக்குகளில் எட்டாம் எண் விலக்குதான் இந்தக் காஸ்மெடிக் விஷயம். அதை முழுசாகப் படித்தால், விபத்து, தீக்காயம், புற்றுநோய் இவற்றுக்குப் பின் செய்யும் மறுசீரமைப்புக்கும், உடல்நலத்துக்கு நேரடியான உடனடி ஆபத்தை நீக்கச் செய்யும் சிகிச்சைக்கும் அந்த விலக்கு பொருந்தாது என்று இருக்கிறது. மருத்துவத் தேவை என்று டாக்டர் சான்று தர வேண்டும், அவ்வளவுதான். அந்த வரியைக் குறிப்பிட்டு, லிம்போமா ரிப்போர்ட்டையும் டாக்டரின் கடிதத்தையும் இணைத்து, கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதினோம். கடிதத்தில் "இம்பிளான்ட் அகற்றம்" என்று தலைப்புப் போடாமல் "லிம்போமாவுக்கான அறுவை சிகிச்சை" என்று போடச் சொன்னது டாக்டர்தான், அந்த ஒரு மாற்றமே பாதி வேலை செய்தது என்பது என் எண்ணம். அங்கேயும் மறுத்தாலோ ஒரு மாதம் பதில் இல்லாவிட்டாலோ இந்தப் புகார்களை விசாரிக்கும் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. எங்களுக்கு அதற்கு முன்னாலேயே பெரும்பகுதி வந்துவிட்டது.

சொந்தக்காரர்கள் பேசியதையும் எழுதாமல் விட முடியாது. என் நாத்தனார் பார்க்க வந்தவள், ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு, "ஏன் அண்ணி, அது அவசியமா? எடுத்ததோட விட்டிருந்தா இந்த வம்பே இல்லையே" என்றாள். அவள் கெட்டவள் இல்லை, ஊரில் எல்லோரும் மனசுக்குள் நினைப்பதை வாய்விட்டுக் கேட்டாள். 2018இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பகப் பிளாஸ்டிக் சர்ஜரி இலவசமாகச் செய்யப்படும் என்று செய்தி வந்தபோது எங்கள் ஸ்டாஃப் ரூமிலேயே என்னென்ன பேசினார்கள் என்று எனக்கு நினைவிருக்கிறது, உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு நானும் அங்கேதான் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏழைப் பெண்ணுக்கு அது எதற்கு என்றார்கள். மார்பகம் மிகப் பெரிதாக இருப்பதால் வரும் முதுகுவலியோ புற்றுநோயோ பணக்காரிக்கு மட்டும் வருவதில்லையே. இந்தப் பேச்சுக்குப் பயந்துதான் பெண்கள் வீக்கத்தை மாதக்கணக்கில் முந்தானைக்குள் மறைத்து வைக்கிறார்கள். நாத்தனாருக்கு நான் சொன்ன பதில், "எனக்கு அது வேணும்னு இருந்துச்சு, வெச்சுக்கிட்டேன். கேள்வி கேக்கணும்னா ரகம் சொல்லாம வெச்சவங்களைக் கேளு."

இதைப் படித்துவிட்டு ஏற்கெனவே இம்பிளான்ட் வைத்திருக்கும் யாரும் அவசரப்பட்டு எடுக்க ஓட வேண்டாம். வீக்கம், கட்டி, வலி, வடிவ மாற்றம் எதுவும் இல்லாதவர்கள், சொரசொரப்பு ரகமாகவே இருந்தாலும், பயத்தில் எடுத்துவிட வேண்டும் என்று எஃப்டிஏ சொல்லவில்லை, அந்த ஆபரேஷனுக்கும் ஆபத்து உண்டு. என்ன ரகம் என்று தெரிந்து வைத்துக்கொண்டு, குளிக்கும்போது இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்கிறதா என்று பார்த்து வந்தால் போதும். புதிதாக வைத்துக்கொள்ளப் போகிறவர்கள் வழுவழுப்பா சொரசொரப்பா என்று முதல் நாளே கேளுங்கள், சொரசொரப்புத்தான் என்றால் ஏன் என்று கேளுங்கள். லிம்போமா பற்றி அவர் வாயாலேயே சொல்கிறாரா என்று பாருங்கள், 2021 அக்டோபர் முதல் அமெரிக்காவில் நோயாளியிடம் இதையெல்லாம் வரி வரியாகச் சொல்லிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் இம்பிளான்ட் வைக்க முடியும். இம்பிளான்ட்டே இல்லாமல் வயிற்றுத் தசையையோ முதுகுத் தசையையோ எடுத்து அமைக்கும் முறையும் இருக்கிறது, பெரிய ஆபரேஷன், ஆனால் நம் உடம்புதான். எதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு உள்ளாடைக்குள் வைக்கும் சிலிக்கான் வடிவம் கிடைக்கிறது. நான் இப்போது அதைத்தான் வைத்துக்கொள்கிறேன். வெயில் காலத்தில் வேர்க்கும், அப்போது என் பெண் தைத்துக் கொடுத்த பஞ்சு வைத்த துணி.

இன்னொன்று. நம் நாட்டில் மருத்துவக் கருவிகளால் வரும் பாதிப்பைப் பதிவு செய்ய 2015 முதல் மெட்டீரியோவிஜிலன்ஸ் என்று ஒரு திட்டம் நடக்கிறது, காசியாபாத்தில் உள்ள இந்தியன் ஃபார்மகோபியா கமிஷன் நடத்துகிறது. டாக்டர்தான் எழுத வேண்டும் என்று இல்லை, நோயாளியும் எழுதலாம். அந்தப் படிவத்தில் கம்பெனி, மாடல், வரிசை எண், லாட் எண் கேட்பார்கள். எடுத்த இம்பிளான்ட்டையும் தூக்கிப் போட விடாதீர்கள், அதன்மேலேயே எண் பொறித்திருக்கலாம், படமாவது எடுக்கச் சொல்லுங்கள். என் படிவத்தில் ஜெராக்ஸில் தெரியாத பாதி எண்ணை அப்படித்தான் நிரப்பினேன்.

இரண்டு வருட செக்கப் முடிந்தது, எல்லாம் சுத்தமாக இருக்கிறது. இனி வருடத்துக்கு ஒரு தரம் வந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார் டாக்டர். முதலில் நீரைக் கொட்டிய சர்ஜனிடம் என் லேப் ரிப்போர்ட்டின் நகலை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் படித்தார். "இதை நான் பார்த்ததே இல்லைம்மா" என்றார். இன்னொரு நகல் கேட்டார், அவர் மனைவி வேறொரு மருத்துவமனையில் கைனகாலஜிஸ்டாம். ஜெராக்ஸ் எடுத்துக்கொடுத்துவிட்டு வந்தேன்.